ருக்மிணிதேவி அம்மையாரும் வாயில்லாச் சீவன்களுக்கான சட்டமும்

நம் விழுப்புரம் சீமையிலுள்ள பனமலையைக் காணாதார் நம்மவருள் மிகச் சிலரே யாவர். ஏரிக்கரையில் நின்று மேல்நோக்கினால், பல்லவ மன்னன் இராசசிம்மன் ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முன் குன்றின்மீது எடுப்பித்த தாளகிரீசுவரர் ஆலயம் தோன்றும். அவ்வாலயத்துச் சிறு சந்நிதி ஒன்றன் சுவரில், இறைவன் திருநடனத்தை உமையம்மை ஒருகால் மடித்துச் சாய்ந்து நின்று நோக்கும் வண்ண ஓவியம் உண்டு. ஆடும் பெருமானுடைய உருவம் பெரிதும் அழிந்துபோயிற்று. நோக்கி நிற்கும் அம்மையின் திருவுருவமே இன்றும் எஞ்சியுள்ளது. மலையடியில் மாடுகள் ஏரியில் நீருண்டு, கரையில் மேய்ந்து திரியும். ஆடலரசனுக்கு ஊர்தியாய் அமைந்தது இடபம் என்பதையும், அவ்விடபத்தின் இனம் நம் வயலிலும் வண்டியிலும் படும் பாட்டையும் ஒருங்கே எண்ணுவார்க்கு, நடனக் கலைக்கும் ஜீவகாருண்யத்துக்கும் தம் வாழ்நாளைப் பகிர்ந்தளித்த ஓர் அம்மையாரின் நினைவு வருதல் இயல்பே. அவர்தாம் ருக்மிணிதேவி அருண்டேல். அவரது நடனத்தை உலகம் அறியும். வாயில்லாச் சீவன்களுக்காக அவர் செய்த தொண்டையோ, அத்தொண்டினால் நேரே கட்டுப்பட்டுள்ள நம்போன்ற உழவர் குடும்பத்தாரும் அறியாதிருக்கின்றனர். அக்குறையை ஒருவாறு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 29-ஆம் நாள் மதுரையில் தோன்றினார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் மராமத்து இலாகாவில் பொறியியல் உத்தியோகம் பார்த்தவர், வடமொழியில் வல்லவர். தாயார் சேஷம்மாள். தந்தையார் பிரம்மஞான சபையின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டு, உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில் அச்சபையின் அருகே குடியேறினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் எண்ணம் அச்சபையின் அடிப்படைகளுள் ஒன்று. புலாலுண்ணாமை அவருடைய பிறந்த வீட்டின் வழக்கம். வீட்டு வழக்கமும் சபையின் எண்ணமும் கூடியமையால், வழக்கமாய் இருந்தது அவரிடத்தில் ஆராய்ந்து கொண்ட கொள்கையாயிற்று.

அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாரின் அரவணைப்பில் அவர் வளர்ந்தார். பதினாறு வயது நிரம்பிய 1920-ஆம் ஆண்டில், ஆங்கிலேயரும் கல்வித்துறை அறிஞருமாகிய ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். வயதாலும் குலத்தாலும் நாட்டாலும் வேறுபட்ட இம்மணத்தைச் சென்னை நகரத்து உயர்குடியினர் பெரிதும் வெறுத்தனர். ஊரார் ஏச்சைத் தாங்கும் வன்மையை அம்மையார் இளமையிலேயே இவ்வாறு பெற்றார். பிற்காலத்தில் பெரியோர் நிறைந்த சபையில், பலர் சிறிய பொருளென எண்ணியதைத் தனித்து நின்று எடுத்துப் பேசுதற்கு அவ்வன்மையே உதவிற்று எனலாம்.

கணவருடன் பல நாடுகளையும் சுற்றியபோது, உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, மேனாட்டு நடனம் பயிலத் தொடங்கினார். தம் நாட்டுக் கலையையும் நாடுமாறு பாவ்லோவா அறிவுறுத்தினார் என்பர். 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தணைநல்லூர்ச் சகோதரியரின் ஆடலைக் கண்டதும் அவர் உள்ளம் அதன்பாற் சென்றது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் பயின்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் மகாநாட்டில் முதன்முதலாக மேடையேறினார். 1936-இல் தொடங்கிய கலாசாலையே பின்னர்க் கலாக்ஷேத்திரம் என வழங்கலாயிற்று. அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் இசைவேளாளர் மரபினர் என்பதையும், புதிய மதிப்பு வந்தபோது அம்மரபுப் பெண்மணிகள் பலர் மேடையிழந்து நின்றனர் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. அம்மையார் செய்த மாறுதல்களைக் குறித்து அன்றும் இன்றும் வழக்குண்டு. அவ்வழக்கை விரித்தல் நம் கருத்தன்று.

நிற்க. 1945-இல் கணவர் காலமானார். நாடு விடுதலை பெற்றபின், பாராளுமன்ற மேல்சபைக்குக் கலை, இலக்கியம், விஞ்ஞானம், சமூகசேவை ஆகியவற்றில் தேர்ந்த பன்னிருவரை இராஷ்டிரபதி நியமிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1952-இல் அம்மையார் அவ்வாறு நியமனம் பெற்றார்; அந்நியமனம் பெற்ற முதற் பெண்மணி அவரே. கலைக்காகக் கிடைத்த ஆசனத்தைக் கலைக்கே பயன்படுத்தியிருந்தாலும் குறை கூறுவார் இலர். அவரோ அதனை வாக்குரிமை இல்லாத, மனுக் கொடுக்க மாட்டாத, அடித்தாலும் சாட்சி சொல்ல இயலாத சீவன்களுக்கு வாயாக ஆக்கிக்கொண்டார்.

அக்காலத்தில் நம் நாட்டில் பிராணிவதையைத் தடுக்கச் சட்டமே இல்லாதிருந்ததோ எனின், அன்று. ஆங்கிலேயர் 1890-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தனர். ஆயினும் அடித்தல், மிகுபாரம் ஏற்றுதல் முதலியவற்றைப்பற்றிய அதன் முதன்மையான விதி, வீதியிலும் பொதுஜனங்கள் காணும் இடத்திலும் நிகழ்வனவற்றையே பெரிதும் நோக்கியது. காணும் மனிதனுடைய கண் நோவதைத் தடுப்பது ஒன்று. காணப்படாத இடத்தில் மாட்டின் முதுகு நோவதைத் தடுப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அம்மையார் நன்குணர்ந்தார். எனவே பழைய சட்டத்தைத் தள்ளிப் புதியதொன்றை ஆக்கக் கருதி, 1953-இல் தம் பெயராலேயே ஒரு தனி மசோதாவை மேல்சபையில் கொண்டுவந்தார்.

அம்மசோதா 1954-இல் விவாதத்துக்கு வந்தது. உழவுமாடு, வண்டிமாடு ஆகியவற்றின் துன்பம் மட்டுமின்றி, ஆராய்ச்சிச் சாலைகளில் பிராணிகள் படும் வேதனையையும் அம்மையார் சபையின் முன் வைத்தார். விஞ்ஞானத்துக்கு இடையூறு வரும் என்று அஞ்சினோரும் உளர். பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு எழுந்து, மசோதாவின் கருத்தை ஆதரித்தும், அரசாங்கமே ஒரு குழு அமைத்து விரிவாக ஆராய்ந்து சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கூறியும், மசோதாவைத் திரும்பப் பெறும்படி வேண்டினார். அம்மையார் அவ்வாறே திரும்பப் பெற்றார்.

இதனைத் தோல்வி என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தனி உறுப்பினர் கொண்டுவரும் மசோதா சட்டமாதல் அரிதினும் அரிது. தம் பெயரால் ஒரு மசோதா தோற்பதினும், அரசாங்கத்தின் பெயரால் ஒரு சட்டம் பிறப்பதே மாடுகளுக்கு நன்மை என்று அவர் தேர்ந்தார். பெயரை விட்டுக்கொடுத்துப் பயனைப் பெறுதல் பொதுத்தொண்டு செய்வார் எல்லாரும் கற்கத்தக்க பாடம். சங்கங்களில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்பதிலேயே பிணங்கும் நம்மவர்க்கு இது பெரிதும் வேண்டுவதாம்.

அரசாங்கத்தின் வாக்கு நிறைவேறுதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேலாயின. குழு கூடி அறிக்கை தந்தது. அதன்பின் மசோதா எழுந்து, 1960 டிசம்பர் 26-ஆம் நாள் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இராஷ்டிரபதியின் இசைவைப் பெற்றது. அவ்வாண்டின் 59-ஆம் சட்டம் அது. பிராணியை வைத்திருப்போன் அதன் நலத்தைப் பேணுதலும், அதற்குத் தேவையற்ற துன்பம் நேராமற் காத்தலும் அவன் கடமை என்று அதன் மூன்றாம் பிரிவு விதித்தது. கருணை, புண்ணியம் என்று நாம் சொல்லிவந்ததைச் சட்டம் கடமை என்று சொல்லிற்று.

பதினோராம் பிரிவு கொடுமைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூறுகிறது. அடித்தல், உதைத்தல், ஓயாது ஓட்டுதல், மிகுபாரம் ஏற்றுதல் ஆகியன குற்றம். நோயுற்ற மாட்டையும், கழுத்துப் புண்ணோடு இருக்கும் மாட்டையும் நுகத்தில் பூட்டுதல் குற்றம். நெருக்கி அடைத்து வண்டியேற்றிக் கொண்டுபோதல் குற்றம். நகரவும் இயலாதபடி குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிவைத்தலும், உரியவன் தீனியும் நீரும் கொடாதிருத்தலும், பசியால் சாகும்படி கைவிடுதலும் குற்றம். ஆனால் காயடித்தல், கொம்பு நீக்குதல், சூடிடுதல் என்பவற்றை விதித்த முறையிற் செய்தால் அது குற்றமாகாது. உணவுக்காக அறுப்பதும், தேவையற்ற துன்பம் சேராதவரையில், குற்றமாகாது. ஒரு சமயத்தார் தம் சமயம் வேண்டும் முறையில் பிராணியைக் கொல்லுதலும் இச்சட்டத்தின்படி குற்றமாவதில்லை. அம்மையார் விரும்பியவை அனைத்தும் சட்டத்தில் இடம்பெறவில்லை என்பது இதனால் விளங்கும்.

இச்சட்டத்தின் வழியே 1965-இல் பாரம் இழுக்கும் பிராணிகளைப்பற்றிய விதிகள் வந்தன. அவற்றை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். ஒருநாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் மாட்டைப் பூட்டலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 பாகையைக் கடக்கும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கலாகாது. முள் பதித்த கடிவாளமும் கூர்மையான கருவிகளும் ஆகா. கத்திரி வெயிலில் நம் சாலைகளில் உச்சிப்பொழுதிலும் கரும்பு வண்டி இழுத்து, நுரை தள்ளி நின்ற மாடுகளைக் கண்ட நம்முள் எத்தனைபேர், அது சட்டத்துக்கும் மாறானது என்று அறிந்திருந்தோம்?

சட்டத்தின் நான்காம் பிரிவுப்படி 1962-இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அம்மையாரே அதன் முதல் தலைவர். அதன் அலுவலகம் சென்னையிலேயே இருந்தது. 2018-இல்தான் அது வட நாட்டுக்கு மாறிற்று. அதே காலத்தில் கலாக்ஷேத்திரம் அடையாற்றினின்றும் திருவான்மியூருக்குக் குடிபெயர்ந்தது. ஒருபுறம் இராமாயண நாட்டிய நாடகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தலும், மறுபுறம் வாரியத்தின் காகிதங்களைப் பார்த்தலும் என இருவேறு பணிகளை ஒருங்கே சுமந்தார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1977-இல் பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் அவரை இராஷ்டிரபதி பதவிக்கு நிற்க வேண்டியபோது, அம்மாபெரும் பதவியை மறுத்துத் தம் பணியிலேயே நின்றார். 1986 பெப்ரவரி 24-ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தும் வரையில் வாரியத்தொண்டை விட்டாரல்லர்.

நிற்க. இனி இக்கட்டுரையின் உயிரான பொருளுக்கு வருவோம். இத்துணை அரும்பாடுபட்டுப் பெற்ற சட்டம், குற்றம் செய்தவனுக்கு விதித்த தண்டனை யாது? முதற்குற்றத்துக்கு அபராதம் மிகுந்தது 50 ரூபாய். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 1982-இல் ஒரு திருத்தம் வந்து, முதற்குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையலாகாது என்று ஓர் அடித்தளம் இட்டது. மேலெல்லை 50 ரூபாயாகவே நின்றது. கறவைப்பசுவின் உறுப்பினுள் காற்றையோ வேறு பொருளையோ செலுத்திப் பாலை வலிந்து கறக்கும் பூக்கா என்னும் கொடுமைக்கு மட்டும் 1000 ரூபாய் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு.

1960-இல் 50 ரூபாய் ஒரு வண்டிக்காரனுக்குப் பாரமே. இன்றோ அது ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. மாட்டின் காலை வெட்டியவனும் நாயை உயிரோடு கொளுத்தியவனும் முதன்முறை என்பதால் இப்பிரிவின்கீழ் அத்தொகையைக் கட்டிவிட்டு வீடு திரும்பலாம் என்றால், அது தண்டனையா, கொடுமைக்கு நாம் வாங்கும் கட்டணமா? மேலும், பதினோராம் பிரிவின் குற்றங்களுட் சிலவற்றில்தான் போலீசார் வாரண்டின்றிக் கைதுசெய்ய இயலும். அடித்தலும் மிகுபாரம் ஏற்றலும் அச்சிலவற்றுள் அடங்கா. குற்றம் நடந்து மூன்று மாதம் கழிந்தால் வழக்கும் தொடர இயலாது. மாடு தானே போய்ப் புகார் கொடுப்பதில்லை என்பதைச் சட்டம் இயற்றியோர் மறந்தனர் போலும்.

இக்குறையைப் பெரியோர் உணராமல் இல்லை. 2014 மே மாதம் சல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, தண்டனை போதாதென்றும், பாராளுமன்றம் தக்க திருத்தம் செய்தல் வேண்டும் என்றும் கருத்துரைத்தது. சல்லிக்கட்டைத் தடுத்த அத்தீர்ப்பு நம் நாட்டாருக்குக் கசந்தது. 2017-இல் நம் மாகாணம் சட்டம் திருத்திற்று. 2023-இல் அத்திருத்தம் செல்லும் என அதே கோர்ட்டு முடிவுசெய்தது. ஆயினும் தண்டனையைப்பற்றிய கருத்து, சல்லிக்கட்டை விரும்புவாரும் ஏற்கத்தக்கதே. காளையைத் தம் பிள்ளையெனச் சொல்பவர், அதனை வதைப்பவனுக்கு 50 ரூபாய் போதும் என்று எங்ஙனம் சொல்வர்? 2022 நவம்பரில் மத்திய அரசாங்கம் கடுந்தண்டனைகளோடு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுஜனங்களின் கருத்தைக் கேட்டது. அம்மையார் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னும் அபராதம் அதே 50 ரூபாயாக இருந்தது என்பது இதனாற் பெறப்படும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமோ, பிராணியைக் கொல்லுதற்கும் ஊனப்படுத்துதற்கும் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டம் பிராணியின் விலையைப் பார்த்தே தண்டனையை அளந்தது. புதியது அவ்விலைக்கணக்கை நீக்கிற்று. ஆயினும் சாகாமலும் ஊனமாகாமலும் நாள்தோறும் வதைபடும் பிராணிக்கு அது துணை செய்யாது. அதற்கு அம்மையாரின் சட்டமே துணை; அதுவோ பல் தேய்ந்து கிடந்தது.

இங்கே நம்மவர் ஒரு தடை எழுப்பக்கூடும். மாடு வைத்திருப்பவர் நாமே. வண்டி ஓட்டுபவர் நம் பிள்ளைகளே. தண்டனையை உயர்த்தக் கேட்பது நம் கழுத்துக்கு நாமே சுருக்கிடுவதன்றோ என்பர். இது அற்பமான தடையன்று. ஏழையை நினைந்து எழுவது. கூலிக்கு ஓட்டுபவன், ஏற்றுகிற பாரத்தைத் தானாகத் தீர்மானிப்பதில்லை. ஒருநடையில் எவ்வளவு ஏற்றுவது என்பதைப் பெரும்பாலும் சரக்குக்கு உரியவனே தீர்மானிக்கிறான். ஆகையால் தண்டனை எல்லார்க்கும் ஒரேவிதமாக உயர்தல் நம் விருப்பமன்று. அறியாமையாலும் வறுமையாலும் நேர்ந்த சிறு தவற்றுக்கு எச்சரிக்கையும் சிறு அபராதமும் போதும். வேண்டுமென்றே செய்யும் சித்திரவதைக்குச் சிறை வேண்டும். ஆதாயத்துக்காகப் பிறரை ஏவி மிகுபாரம் ஏற்றுவிப்பவனுக்கு, அவ்வாதாயத்தினும் மிகுந்த அபராதம் வேண்டும். தக்க கவனமும் மேற்பார்வையும் செலுத்தாத உடைமையாளனும் குற்றவாளியே என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருக்கிறது. அவ்வழியை விரித்தலே முறை.

திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியடித்த கதையை நம் குழந்தைகளும் அறிவர். தேரோட்டியவன் அரசகுமாரன் என்பதால் சோழன் தண்டனையைக் குறைக்கவில்லை. அக்கதையில் சொன்ன தண்டனையின் கடுமையை இன்று யாரும் வேண்டார். ஆனால் பசுவுக்கும் நீதிமன்றத்தின் வாயில் திறந்திருத்தல் வேண்டும், குற்றவாளி நம்மவன் என்பதற்காக நீதி வளைதல் ஆகாது என்னும் அதன் உட்பொருள் என்றும் பழமையாவதில்லை. நம் இனத்தார் ஒருவர் மாட்டை வதைத்து அகப்பட்டால், அவரை விடுவிக்கச் சிபாரிசு தேடி ஓடுவது சங்கத்தின் வேலையன்று.

ஆகவே நம் சங்கத்தின் அடுத்த மகாசபையில், பிராணிவதைக்கான தண்டனையைக் குற்றத்தின் தன்மைக்கு ஏற்ப உயர்த்துமாறு அரசாங்கத்தை வேண்டும் தீர்மானம் ஒன்று நிறைவேறுதல் நலம் என்று நாம் கருதுகிறோம். அத்தீர்மானத்துக்குக் கை தூக்குவோர், அதற்கு முன் தத்தம் கொட்டிலுக்குள் ஒருமுறை சென்று, தொட்டியில் நீர் உண்டா, கயிறு நீளமா, நுகம் பட்ட கழுத்தில் புண் உண்டா என்று பார்த்துவிட்டு வருதல் வேண்டும். தாய்மார் தம் பிள்ளைகள் நாய்க்குட்டியின்மேல் கல்லெறியும் அன்றே தடுத்தல் வேண்டும். அத்தடை இளமையில் உண்டாயின், முதிர்ந்தபின் போலீசார்க்கு வேலை குறையும். சட்டம் ஒன்றே கருணையை உண்டாக்கிவிடும் என்று அம்மையார் எண்ணியிருந்தால், 1960-க்குப்பின் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டியதில்லை. கருணை ஒன்றே போதும் என்று எண்ணியிருந்தால், சட்டத்தைத் தேடிப் பாராளுமன்றத்தில் நின்றிருக்க வேண்டியதுமில்லை.

பனமலைச் சுவரில் ஆடியவரின் உருவம் மறைந்தது. நோக்கியவரின் உருவம் நின்றது. ருக்மிணிதேவி அம்மையாரிடத்தில் உலகம் ஆடலை நினைவிற்கொண்டு, அவர் அருள்நோக்கை மறந்தது. அந்நோக்கின் பயனாய் எழுந்த சட்டத்தை வலுவுள்ளதாக்குதலே அவருக்கு நாம் செய்யும் நன்றியாகும். அதற்கு வேண்டும் நல்லறிவையும் மனத்திண்மையையும் தாளகிரீசுவரப் பெருமான் நம் அனைவர்க்கும் அருள்வாராக.